வீட்டில் எத்தனை பேர்

துறையூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பெயர் ஜெய்புன்னிசா. ஊருக்கு ஜெய்பு டாக்டர். அவரிடம் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். சீடருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு இப்போதுதான் காதோரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

சீடர் டாக்டர் சிங்காரவேலு, மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷமும் அவரிடம் வந்த நோயாளிகள் கண்ணாடித் தகட்டில்தான் வந்தார்கள். மெல்லிய சீவலாக, சாயம் ஏறி, வாய் பேசாமல் வந்தார்கள். ஒருவரும் அவரிடம் அரிக்கிறது என்று சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற புதிதில் அவர் மனைவிக்குக் கால்விரல் இடுக்கில் அரிப்பு வந்தது. சிங்காரவேலு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்த்தால் சொல்லிவிடலாம்" என்றார்.

"சேத்துப்புண்ணுங்க இது" என்றார் மனைவி. "எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

மறுநாள் காலை அவர் தன் பழைய மாணவிக்குப் போன் செய்தார்.

"ஜெய்பு, நான் உங்கிட்ட வந்து கத்துக்கணும்."

"என்ன சார், காலங்காத்தால விளையாடறீங்க?"

"நிஜமாத்தான். ஜனங்களோட தோலைப் பாக்கக் கத்துக்கணும்."

"ரெண்டாம் வருஷம் என்னை ஃபெயில் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அடுத்த தடவை பாஸ் போட்டேனே."

"சரி, அதுக்காக வாங்க."

அவர் வந்தார். கையோடு ஒரு மைக்ராஸ்கோப்பும் வந்தது. ஜெய்பு டாக்டர் அதை மேஜையின் ஓரத்தில் வைத்து, வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்திவிட்டார். தூங்குகிற பூனையைப் போல அது அங்கே கிடந்தது.

"டாக்டர்" என்று கூப்பிட்டார் சிங்காரவேலு.

"ஜெய்புன்னே கூப்பிடுங்க சார்."

"குருவைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"சிஷ்யர் பத்து மணிக்கு வரலாமாக்கும்."

மறுநாளிலிருந்து அவர் கதவு திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றார்.

முதல் நாளே அவர் ஒரு கேள்வி கேட்டார். "தோலில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?"

ஜெய்பு டாக்டர் அப்போது ஒரு கொத்தனாரின் உள்ளங்கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். சிமெண்டு தின்ற கை. "கேட்டுக்கிட்டே இருங்க சார்" என்றார்.

படர்தாமரை வந்தது. தேமல் வந்தது. வேர்க்குரு, முகப்பரு, பொட்டு வைத்த இடம் வெளுத்துப்போன நெற்றி, எல்லாம் வந்தன. சிங்காரவேலு ஒவ்வொன்றின் பெயரையும் முழுசாகச் சொல்வார். சொன்ன பெயர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஜெய்பு டாக்டர் தலையாட்டிவிட்டு, நோயாளியிடம் சம்பந்தமில்லாத மாதிரி எதையாவது கேட்பார். இந்தக் களிம்பு யார் குடுத்தது? வேலைக்குப் போறப்ப எந்தச் சட்டை? ராத்திரி யார் பக்கத்துல படுக்கறீங்க?

அந்தக் கேள்விகள் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன என்று சிங்காரவேலு யோசித்துப் பார்த்தார்.

ஒருநாள் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். கணவன் குமரவேல், கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். மனைவி அபிராமி. பிள்ளைக்கு இனியன் என்று பெயர். பிள்ளை தூங்காமல் அழுகிறான், கையையும் காலையும் உரசிக்கொண்டே இருக்கிறான் என்றாள் அபிராமி.

"இவரைப் பாக்கச் சொல்லுங்க. எனக்கே வாத்தியார் இவர்" என்றார் ஜெய்பு டாக்டர்.

இனியனின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சிங்காரவேலுவுக்கு முகம் மலர்ந்தது. மைக்ராஸ்கோப்பின் துணியை விலக்கினார். பிள்ளையின் விரலிடுக்கில் நோகாமல் சுரண்டித் தகட்டில் வைத்தார். பார்த்தார். பிறகு குமரவேலைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அய்யோ, நண்டு மாதிரி இருக்கே சார்!"

"சிரங்குப் பூச்சி. ஒட்டி இருக்கிறவங்ககிட்டயிருந்து ஒட்டி இருக்கிறவங்களுக்கு வரும். வீட்டில் எத்தனை பேர்?"

"மூணு பேர் சார். நான், இவ, குட்டி."

அபிராமி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மூவரும் ஒரே ராத்திரி கழுத்திலிருந்து கால்வரைக்கும் களிம்பு தடவ வேண்டும், பிள்ளைக்குத் தலையிலும் தடவ வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, துணிமணியெல்லாம் வெந்நீரில் என்று சிங்காரவேலு ஒன்றுவிடாமல் சொன்னார். ஜெய்பு டாக்டர் குறுக்கே பேசவில்லை.

கிளம்பும்போது குமரவேல் மேஜைமேல் இருந்த எவர்சில்வர் தட்டைக் கையில் எடுத்தார். அதன் ஓரத்தில் டாக்டரம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

"எங்க கடையில வாங்கினதா டாக்டரம்மா?"

"பழைய கடையில. உங்க அப்பா இருக்கறப்ப."

"இது அண்ணன் வெட்டினது." குமரவேல் விரலால் தடவிப் பார்த்தார். "அண்ணன் உளி பிடிச்சா புள்ளி ஆழமா, எட்டி எட்டி விழும். நான் வெட்டினா நெருக்கமா, பொடிசா இருக்கும். கையெழுத்து மாதிரிதான். மாத்த முடியாது."

தட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த அண்ணனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று ஜெய்பு டாக்டரிடம் நர்ஸாக இருந்த ராணி சிஸ்டர்தான் பிறகு சொன்னார். அப்பா இறந்ததும் சண்டை வந்தது. சண்டை சொத்துக்காகக்கூட இல்லை. கடையின் பெயர்ப்பலகை யாருக்கு என்பதில் வந்தது. இப்போது கடைவீதியில் அருணகிரி பாத்திர மாளிகை என்று ஒன்றும், ஒரிஜினல் அருணகிரி பாத்திர மாளிகை என்று ஒன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. வீட்டையும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள்.

"ஒரிஜினல் யாரு?" என்று கேட்டார் சிங்காரவேலு.

"அதை அவங்க அப்பாதான் சார் சொல்லணும்" என்றார் ராணி சிஸ்டர்.

இனியனுக்குச் சிரங்கு ஆறியது. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. சிங்காரவேலு அதே மருந்தை அதே அக்கறையோடு மறுபடியும் சொன்னார். ஆறியது. மறுபடியும் வந்தது.

மூன்றாம் முறை கொப்புளங்களில் சீழ் கட்டியிருந்தது. பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

சிங்காரவேலுவுக்குக் கோபம் வந்தது. பூச்சியின்மேல் வந்த கோபம்தான். ஆனால் எதிரில் இருந்தவள் அபிராமி.

"இண்டு இடுக்கு விடாமல் தடவினாயா அம்மா?"

"தடவினேன் சார்."

"நகத்துக்கு அடியில்?"

"தடவினேன் சார்."

"பின்னே எப்படி வரும்? நீ எங்கேயோ விட்டிருக்கிறாய்."

அபிராமியின் கண்ணில் நீர் கோத்தது. துடைக்கவில்லை. துடைக்கக் கை இல்லை. பிள்ளை இருந்தது.

"இவளையும் குட்டியையும் முசிறிக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன் டாக்டரம்மா" என்றார் குமரவேல். "அவங்க அம்மா வீடு. காத்து மாறினா சரியாகும். ஆறு மாசம் இருந்துட்டு வரட்டும்."

"நான் போக மாட்டேன்" என்றாள் அபிராமி.

"ஏன் போக மாட்ட?"

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

ஜெய்பு டாக்டர் பிள்ளையை வாங்கி, நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுபோல் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டார். சீழுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதினார். "நாளைக்குச் சாயங்காலம் நாங்க வீட்டுக்கு வர்றோம்" என்றார்.

அவர்கள் போனபின் சிங்காரவேலு கேட்டார். "சிரங்குக்கு வீட்டுக்குப் போவதுண்டா?"

"ரெண்டு தடவை நோய் நம்மகிட்ட வரும் சார். மூணாந் தடவை நாமதான் அதுகிட்டப் போகணும்."

மறுநாள் காலை மரகதம் வந்தார். குமரவேலின் அண்ணி. அண்ணன் தணிகாசலத்தின் மனைவி. வெயிலில் வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"அடுப்படிச் சூடு டாக்டரம்மா. வேர்க்குரு மாதிரி வந்திருக்கு. ஏதாவது பவுடர் எழுதிக் குடுங்க, போதும்."

இடது இடுப்பில், புடவைக் கட்டுக்குச் சற்று மேலே, பொடிப்பொடியாகத் தடித்திருந்தது. இடது முழங்கையின் உட்புறத்திலும் இருந்தது. விரலிடுக்கில் இரண்டொன்று.

சிங்காரவேலு மைக்ராஸ்கோப்பின் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. "வீட்டில் எத்தனை பேர் அம்மா?"

"நாங்க ரெண்டு பேருதான் சார்."

"குழந்தைகள்?"

மரகதம் மேஜைமேல் இருந்த தட்டைப் பார்த்தார். "குடுத்து வைக்கலை."

ராணி சிஸ்டர் பஞ்சு கிழிப்பதை நிறுத்தினார். சிங்காரவேலு தன் பேனாவைப் பார்த்தார்.

ஜெய்பு டாக்டர் களிம்புக்குச் சீட்டு எழுதினார். "ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கேன். வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் கழுத்துக்குக் கீழ முழுக்கத் தடவிக்கிட்டுத் தூங்கணும்."

"அவருக்கு அரிப்பே இல்லீங்களே."

"பூச்சி முன்னால வரும். அரிப்பு மெதுவா பின்னால வரும். அவரும் தடவணும்."

"வியாழக்கிழமைதானா?"

"வியாழக்கிழமைதான். அதுவரைக்கும் இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க."

மரகதம் நிமிர்ந்து பார்த்தார். ஜெய்பு டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மரகதம் மெதுவாக முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எப்பவும் போல."

மரகதம் சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"காய்ச்சல் குறைஞ்சிடுமா டாக்டரம்மா?"

"உங்களுக்குக் காய்ச்சல் இல்லையே அம்மா" என்றார் சிங்காரவேலு.

"குறைஞ்சிடும்" என்றார் ஜெய்பு டாக்டர்.

மரகதம் போய்விட்டார். சிங்காரவேலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இடுப்புக்கு ஓய்வு என்றால் என்ன டாக்டர்? சிரங்குக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் ஒரு பக்கம் மட்டும் வந்திருக்கிறது. பாவாடை நாடா என்றால் சுற்றி வர அல்லவா இருக்க வேண்டும்?"

அடுத்ததாக ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் கொதிக்கிற ரசம் கொட்டிய புண். கட்டு மாற்ற வேண்டும். ஒக்கலில் குண்டாக ஒரு பிள்ளை.

"சார், இவனைக் கொஞ்சம் பிடிங்க."

சிங்காரவேலு இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். ஃபார்மலின் ஜாடியைப் பிடிப்பதுபோல முன்னால் நீட்டியபடியே பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தது. ராணி சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டைப் பிரித்தார்.

"சார், அந்தச் சீட்டுல தேதி போட்டுடுங்களேன்" என்றார் ஜெய்பு டாக்டர்.

தேதி போட வலது கை வேண்டும். சிங்காரவேலு மேஜையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு பிள்ளையை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டார். பிள்ளை பழகிய மாதிரி இரண்டு காலாலும் அவர் இடுப்பைக் கவ்விக்கொண்டது. இடது கை அதன் தொடைக்கு அடியில் தானாகவே போய்ச் சேர்ந்தது.

பேனாவை எடுத்துக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

பிள்ளையின் கால் அழுந்திய இடத்தைப் பார்த்தார். முழங்கையின் உட்புறத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண் கட்டு மாற்றிக்கொண்டு பிள்ளையை வாங்கிப் போகும்வரை சீட்டில் தேதி விழவில்லை.

"அந்த அம்மா ஒரு குழந்தையைத் தூக்கிவைத்திருக்கிறார்" என்றார் சிங்காரவேலு.

"ஆமா சார்."

"இனியனை."

"ஆமா."

"இரண்டு பேரும் என்னிடம் மறைத்துவிட்டார்கள்!"

"நீங்க என்ன கேட்டீங்க?"

"வீட்டில் எத்தனை பேர் என்று."

"அதுக்கு ரெண்டு பேரும் சரியாத்தானே சொன்னாங்க?"

சிங்காரவேலு பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார். "குமரவேலிடம் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். அதனால்தான் சிரங்கு போகவில்லை. அந்தப் பெண் பாவம். நான் வேறு திட்டிவிட்டேன்."

"சொன்னா என்ன ஆகும்?"

"நோய் போகும்."

"அதோட சேந்து வேற என்ன போகும் சார்?"

சிங்காரவேலு யோசித்தார். "அது மருத்துவம் இல்லையே டாக்டர்."

"சாயங்காலம் போவோம், வாங்க" என்றார் ஜெய்பு டாக்டர்.

ஒரே வாசலாக இருந்த வீட்டில் இப்போது இரண்டு வாசல்கள். குமரவேல் பக்கத்துக்குப் பச்சைக் கதவு, அண்ணன் பக்கத்துக்கு நீலம். குமரவேல் கடையிலிருந்து சீக்கிரமே வந்து காத்திருந்தார். கூடத்தில் ஒரு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அபிராமி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெய்பு டாக்டர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இனியனை மடியில் வாங்கிக்கொண்டார். காய்ச்சல் இறங்கியிருந்தது. பிள்ளை அவர் வளையலைப் பிடித்து இழுத்தது.

"காலையில முசிறி பஸ்ஸுக்கு ஏத்தி விட்டுடறேன்" என்றார் குமரவேல். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

"ஊருக்கு அனுப்பத் தேவையில்லை குமரவேல்" என்றார் சிங்காரவேலு. "உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது உங்கள் மூன்று பேரோடு மட்டும்..."

அபிராமியின் முகம் வெளிறிப்போனது. அந்தப் பக்கம் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது.

"சார்" என்றார் ஜெய்பு டாக்டர். "கொல்லையில போய்க் கை கழுவிட்டு வந்துடுங்க. அப்புறம் பேசலாம்."

"நான் இன்னும் பிள்ளையைத் தொடவே இல்லையே."

"கழுவிட்டு வாங்க சார்."

சிங்காரவேலு எழுந்து போனார்.

கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவு சுவர். இந்தப் பக்கத்து ஓரத்தில் ஒரு வரிசை, அந்தப் பக்கத்து ஓரத்தில் ஒரு வரிசையாகக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்திருந்தார்கள். பச்சையும் பழுப்புமாக வெயிலில் மின்னின. துவைக்கிற கல்லுக்கு நேர்மேலே மட்டும் சில்லுகள் இல்லை. ஒரு பிள்ளையைக் குறுக்கே கிடத்தலாம் என்கிற அகலத்துக்கு, அங்கே ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டிருந்தது.

அவர் குழாயைத் திறந்தார். பிறகு, தண்ணீர் அதுபாட்டுக்கு ஓட, ஜமுக்காளத்தின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

சில்லுகளை யாரோ உளி வைத்துத் தட்டி எடுத்திருந்தார்கள். அடியோடு, கை கிழிக்காதபடி. சிமெண்டில் உளி முனை பட்ட புள்ளிகள் இருந்தன. இந்தப் பக்கத்துப் பாதியில் நெருக்கமாக, பொடிசாக.

அந்தப் பக்கத்துப் பாதியில் ஆழமாக, எட்டி எட்டி.

ஒரே தகட்டில் இரண்டு வகைச் செல்லைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்கிற கண் அது. அவர் இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். பிறகு ஜமுக்காளத்தை இருந்தபடியே மடித்து வைத்தார். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அவர் உள்ளே வந்தபோது எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே சார்?" என்றார் குமரவேல்.

"துண்டு இருக்குமா?" என்றார் சிங்காரவேலு. "கை ஈரமாக இருக்கிறது."

குமரவேல் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். சிங்காரவேலு வெகுநேரம் கை துடைத்தார்.

"வியாழக்கிழமை ராத்திரி" என்றார் ஜெய்பு டாக்டர், அபிராமியிடம். "முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். மூணு பேரும் தடவிக்கணும். இவனுக்குத் தலைக்கும் சேத்து. அடுத்த வியாழன் இன்னொரு தடவை. அரிப்பு உடனே போகாது, பயந்துக்காத. புண்ணு நீ விட்ட இடத்துனால வரலை. நீ நல்லாத்தான் தடவியிருக்க."

"வியாழக்கிழமை ராத்திரி" என்றாள் அபிராமி. வீட்டுக்குள் பேசுவதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் மறுபடியும் கேட்டது.

"முசிறிக்கு?" என்றார் குமரவேல்.

"வேண்டாம். காத்தெல்லாம் இங்கயே நல்லாத்தான் இருக்கு."

குமரவேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அலமாரிக்கு மேலே வைத்தார். ஏதோ காலியான பெட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

வாசல்வரை அவரே கூட வந்தார். செருப்பு மாட்டும் இடத்தில் நின்றார். உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு நீலக் கதவையும் ஒருமுறை பார்த்தார்.

"டாக்டரம்மா, துணியெல்லாம் வெந்நீர்ல போட்டுடறோம். போர்வை, தலகாணி உறை எல்லாம்."

"ம்."

"கொல்லையில..." குரல் தணிந்தது. "சுவர்மேல ஒரு ஜமுக்காளம் கிடக்கு. அதையும் போடணுங்களா?"

சிங்காரவேலு தெருவைப் பார்த்தார்.

"அதையும்தான்" என்றார் ஜெய்பு டாக்டர், செருப்பை மாட்டிக்கொண்டே. "வெந்நீர்ல அலசி, வெயில்ல நல்லாக் காயவச்சு, இருந்த எடத்துலயே போட்டுடுங்க."